விசில் டீச்சர் வீட்டு ஒழுக்கு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் மூன்றாம் மாடி உடற்பயிற்சி ஆசிரியை வீடு எது என்று கேட்டால் காவலாளி தலையைச் சொறிவார். விசில் டீச்சர் வீடு என்று கேட்டால் லிஃப்ட் வரை கூடவே வந்து பொத்தானையும் அழுத்திவிட்டுப் போவார். கழுத்தில் கயிற்றோடு அந்த விசில் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. குளிக்கும்போதாவது கழற்றி வைப்பாரா என்று கணவரிடம் யாரோ கேட்டதற்கு, "நான் எங்கே பாத்தேன், கதவச் சாத்திக்கிட்டுத்தானே குளிக்கிறா" என்றாராம்.

டீச்சருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒல்லியான, நெட்டையான உருவம். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டே பழகியதால், காதருகே ரகசியம் சொன்னாலும் பக்கத்து அறைக்குக் கேட்கும் குரல். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவரின் மகள். இரண்டே அறை, ஆறு பேர், வருஷத்துக்கொரு வாடகை வீடு. ஓடினால் பள்ளிக்கூடத்தில் ஷூ கொடுக்கிறார்கள் என்று ஓட ஆரம்பித்தவர், ஷூ தேய்ந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த ஓட்டம்தான் அவருக்கு வேலையையும் வாங்கிக் கொடுத்தது.

அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற கதை ஒன்று உண்டு. பள்ளிகளுக்கு இடையிலான தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. கடைசி ஆளாக ஓடியது அவருடைய சொந்த மகள். கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. கோலை வாங்கும்போது மகளின் கால் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டதைத் தலைமை நடுவர் கவனிக்கவில்லை. ஓரத்தில் கோடு பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கவனித்தார், சிவப்புக் கொடியைத் தூக்கினார். மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கும் அதே மகள்தான், புதிதாக அறிமுகமாகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையை முதலில் அவிழ்த்துவிடுகிறாள்.

கணவர் நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மயிரிழை வித்தியாசமும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் வாயைத் திறந்து ஒருவரையும் குறை சொல்ல மாட்டார். ஓட்டலில் ஆறிப்போன காபியைக் கொண்டுவந்து வைத்தாலும், "பரவால்ல, சூடு நாக்குக்கு ஆகாது" என்று குடித்துவிட்டு வருகிற ரகம்.

இருவரும் பல வருஷம் கடனுக்கும் வட்டிக்கும் கணக்குப் பார்த்து இந்த வீட்டை வாங்கினார்கள். சாவி கைக்கு வந்த அன்று டீச்சர் செய்த முதல் வேலை, கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்ததுதான். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "பொறந்ததுலேர்ந்து எந்த வீட்லயும் ஆணி அடிக்க விட்டதில்ல. இது என் சுவர்" என்றார். கணவர் தன் சட்டையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டினார்.

குடிவந்து ஓராண்டு ஆகியிருக்கும். ஒரு காலையில் குளியலறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது டீச்சரின் தோளில் சொட்டென்று ஒன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் காசளவு ஈரம். கொஞ்ச நாளில் காசு தட்டாகிவிட்டது. பிறகு அடுத்திருந்த படுக்கையறையின் மூலைக்கும் பரவி, அலமாரித் துணியில் எல்லாம் பூஞ்சை வாடை. கட்டுமானக் கம்பெனியின் செயலியில் புகார் போட்டார். ஓர் ஆள் வந்தார், ஈரத்தின் மேலேயே வெள்ளையடித்தார், போனார். செயலியில் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. கறை மறுபடி எட்டிப் பார்த்தது. மறுபடி புகார், மறுபடி பெயிண்ட், மறுபடி பச்சை. ஒவ்வொரு தடவையும் வெள்ளை ஒவ்வொரு வெள்ளையாக இருந்ததால் கூரை தேசப்படம் மாதிரி ஆகிவிட்டது.

டீச்சர் விடாமல் போன் அடித்த பிறகு, பராமரிப்பு சூப்பர்வைசரே நேரில் வந்தார். நரைத்த மீசை, தூசி படிந்த செருப்பு, ஒரே நேரத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போன முகம். கூரையை அண்ணாந்து பார்த்தார், சுவரைத் தட்டினார், குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உண்மையச் சொல்றேன். இது கட்டடக் கோளாறே இல்ல. மேல் வீட்ல தண்ணிய வாளி வாளியாக் கொட்டிக் கழுவறாங்க. தரைய உடைச்சு என்னவோ மாத்தியும் இருக்காங்க. அவங்க பண்ணதுக்கு எங்க உத்தரவாதம் எப்படிச் செல்லும்? நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்."

போகிற போக்கில் கூடத்து ஆணியைப் பார்த்து, "சுவத்துலயும் ஆணியெல்லாம் அடிச்சிருக்கீங்க" என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டுப் போனார்.

டீச்சர் நம்பிவிட்டார். மேல் வீட்டில் அடிக்கடி தரையில் கரகரவென்று எதையோ இழுக்கிற சத்தம் கேட்கும். அதுதான் கழுவுகிற சத்தம் என்று முடிவு கட்டினார். நான்காம் மாடியில் இருந்த பெண் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். கணவன் கப்பலில் இருக்க, வயதான மாமனாரோடு தனியாக இருந்தாள். லிஃப்டில் அவளைப் பார்த்தால் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் கைப்பேசியில் கண்ணைப் புதைத்துக்கொண்டாள். பல மாதம் இப்படியே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கூரைப் பூச்சு உள்ளங்கையளவுக்குப் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. தலைக்கு ஒரு சாண் தள்ளி.

"பரவால்ல, மேல விழல" என்றார் அவர், பாதி மழித்த முகத்தோடு.

"எது பரவால்ல?" என்று கேட்டுவிட்டு டீச்சர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஏறினார்.

கதவைத் திறந்த பெண் அவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "வாங்க. நானே கீழ வரணும்னுதான் இருந்தேன்."

"நீங்க எதுக்கு வரணும்? எங்க வீட்டுக் கூரை பேந்து விழுது. கொஞ்சம் தண்ணிய அளவாக் கொட்டினா என்ன?"

"நாங்க தண்ணி கொட்டறமா? நீங்கதானே கூரையில டிரில் போட்டு எங்க குழாய ஒடைச்சீங்க? அதனாலதானே எங்க மாமா படுக்கிற ரூம்ல சுவரெல்லாம் பாசி பிடிச்சுக் கிடக்கு?"

"நான் டிரில் போட்டேனா? யார் சொன்னா?"

"சூப்பர்வைசர்தான் சொன்னாரு."

டீச்சருக்குப் பொறி தட்டியது. "எனக்கும் அவருதான் சொன்னாரு" என்றார் மெதுவாக. மெதுவாக என்றால் அவருக்கு மெதுவாக. உள்ளேயிருந்து ஒரு கிழவர் குரல் கேட்டது: "யாரும்மா அது, மைக் வச்சுப் பேசறது?"

கரகரவென்ற அந்தச் சத்தத்தோடு அவரே கூடத்துக்கு வந்தார். சக்கர நாற்காலி. டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்தக் குளியலறைன்னு சொல்றீங்க? இதுவா?" என்று அந்தப் பெண் ஒரு கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். மடித்து வைத்த கட்டில், பழைய மின்விசிறி, தூசி. தரையில் துளி ஈரம் கிடையாது. குழாய் மேல் சிலந்தி வலை கட்டியிருந்தது. "நாற்காலி இந்தக் கதவுக்குள்ள நுழையல. குடிவந்த நாளா இதுல ஒரு சொம்புத் தண்ணிகூட ஊத்தல. இன்னொரு பாத்ரூம்தான் எல்லாத்துக்கும்."

பெரியவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "இதுக்குள்ள போக முடியலயேன்னு நான் வருத்தப்பட்டுட்டிருந்தேன். போகாததே நல்லதாப் போச்சு போல. போயிருந்தா என் மேலயே பழி வந்திருக்கும்."

டீச்சர் குழாயையும் பெட்டிகளையும் மறுபடி ஒரு தடவை பார்த்தார். வாழ்நாளெல்லாம் இரண்டு பக்கமும் விசாரிக்காமல் ஒரு பிள்ளையைக்கூட வரிசையை விட்டு வெளியே நிறுத்தாதவர், தன் சொந்த விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

"தப்பு என்னோடதும்மா. அவன் சொன்னான்னு நம்பிட்டேன். இத்தனை மாசம் லிஃப்ட்ல உன்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ஒரு தடவ படியேறி வந்து கேட்டிருக்கணும்."

அந்தப் பெண் அதை எதிர்பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது. "நானும்தானேக்கா திருப்பிக்கிட்டேன்" என்றாள். "உக்காருங்க. டீ போடறேன்."

டீ குடித்து முடிப்பதற்குள் இருவருக்கும் ஒரு விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீர் இங்கேயிருந்து வரவில்லையென்றால் இதற்கும் மேலேயிருந்து வருகிறது. இரண்டு வீட்டுக் குளியலறைகளுக்கும் பின்னால், குழாய்கள் இறங்குவதற்காக விட்ட சந்து ஒன்று அடி முதல் நுனி வரை போகிறது. அதைச் சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். அதற்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் மேல் வீட்டைக் கீழ் வீடும் கீழ் வீட்டை மேல் வீடும் திட்டிக்கொண்டிருக்கும். கம்பெனிக்கு அது வசதி.

மறுநாள் டீச்சர் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடி அறை, குளிர்சாதனம், சுவரில் சிரிக்கும் குடும்பங்களின் படம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். குழாய்களுக்கான உத்தரவாதக் காலம் அடுத்த மாதத்தோடு முடிகிறது, சந்துச் சுவரை உடைப்பது பெரிய வேலை, எல்லா மாடியிலும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று இழுத்தார். பிறகு முன்னால் சாய்ந்து, "உங்க வீட்டை மட்டும் நல்லா முடிச்சுக் குடுத்துடறோம் மேடம். கூரை முழுக்கப் புதுசாப் பூசி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, அலமாரியும் மாத்திடறோம். வெளியில சொல்லிக்க வேணாம்" என்றார்.

"ஒழுகற எடத்த அடைக்க மாட்டீங்க. ஒழுகறது எனக்குத் தெரியாம மறைப்பீங்க. அப்படித்தானே?"

மேலாளர் சிரிப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்.

"மேல ஒரு பெரியவர் ஈரச் சுவத்துப் பக்கத்துல படுத்திருக்காரு. அவருக்கு என்ன வழி?"

"அது தனிப் புகார் மேடம்."

"தண்ணி ஒண்ணுதானே சார்" என்று சொல்லிவிட்டு டீச்சர் எழுந்துவிட்டார்.

வீட்டில் அன்றைக்கு நடந்தது, அவர்களின் கல்யாண வாழ்க்கையில் அரிதாக நடந்த ஒன்று. கணவர் கோபப்பட்டார்.

"சும்மா வர்றத வாங்கிக்கிட்டா என்ன? கூரை நம்ம தலையிலதானே விழுது? நீ எப்பப் பாரு ஊருக்கே நடுவரா இருக்கணும்."

"ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல தண்ணி தேங்கும். ஒரு நாள் மொத்தமா விழும். அப்ப உத்தரவாதமும் இருக்காது."

"அதுக்கு மட்டுமா வேணாம்ன?"

"அதுக்கு மட்டும் இல்ல" என்றார் டீச்சர். கணவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் அவர் பேசியதெல்லாம் "சாப்பாடு", "சாவி" என்று ஒற்றைச் சொற்கள்தான். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "சரி, ஒழுக்கு எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கப் போற?"

வழி டீச்சரிடம் தயாராக இருந்தது. ஒரே குழாயில் பல வீட்டுத் தண்ணீர் இறங்குகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் திறந்தால் யாருடையது என்று தெரியாது. ஒவ்வொரு மாடியாக முறை வைத்துத் திறந்தால், எப்போது சொட்டுகிறது, எப்போது சொட்டவில்லை என்பதை வைத்து இடத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் அதுவரை மற்றவர்கள் குழாயைத் தொடக்கூடாது. ஒரு கட்டடத்தையே கொஞ்ச நேரம் கைகட்டி நிற்க வைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் அவர் வாழ்க்கை பூராவும் செய்து வந்திருக்கிறார்.

அவரும் மேல்வீட்டுப் பெண்ணும் சேர்ந்து கதவு கதவாகத் தட்டினார்கள். ஐந்தாம் மாடிப் புதுத் தம்பதி உடனே சரியென்றார்கள். ஆறாம் மாடியில் பஸ் டிரைவர். "நமக்கு ஒழுகலயே, நமக்கெதுக்கு வம்பு?" என்றார். "உங்க தண்ணி எங்க தலையில விழுதாங்கறதுதான் கேள்வியே. விழலன்னு தெரிஞ்சா உங்களுக்கும் நிம்மதிதானே" என்றார் டீச்சர். அவர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்வதாக ஒப்புக்கொண்டார். ஏழாம் மாடியில் தையல் வேலை செய்யும் அக்கா தங்கை இருவர், இதில் தாங்களும் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார்கள். சூப்பர்வைசரை வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "வந்து பாத்துட்டு, நான் சொன்னது தப்புன்னா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன்" என்று டீச்சர் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் ரோஷம் வந்திருக்க வேண்டும். வந்தார்.

ஞாயிறு காலை. டீச்சர் மாடிப்படியின் நடுவில், மேலும் கீழும் சத்தம் போகிற இடத்தில் நின்றார். ஒரு விசில் என்றால் திற, இரண்டு என்றால் மூடு. கணவர் கையில் டார்ச்சோடு குளியலறை முக்காலியில் ஏறி நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நுண்ணிய கீறலைத் தேடிப் பழகிய கண். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார்.

முதலில் நான்காம் மாடி. பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, தரையில் தண்ணீர் போகும் துளையிலேயே வாளி வாளியாக ஊற்றினாள் அந்தப் பெண். காத்திருந்தார்கள்.

"இல்ல!" என்று கணவர் உள்ளேயிருந்து கத்தினார்.

பிறகு ஐந்தாம் மாடிக்கு விசில். தண்ணீர் இறங்கும் ஓசை சுவருக்குள் கேட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டிராத சத்தத்தில் கணவர் கூவினார்: "சொட்டுது! சொட்டுது!" உற்சாகத்தில் முக்காலி ஆட, சூப்பர்வைசர்தான் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாம் மாடி திறந்தபோதும் சொட்டியது. ஏழாம் மாடி திறந்தபோதும் சொட்டியது. சந்தேகத்துக்கு இடமே வேண்டாம் என்று நான்காம் மாடியை மறுபடி ஊற்றச் சொன்னார் டீச்சர். சொட்டவில்லை. அப்படியென்றால் ஓட்டை நான்காம் மாடிக் குழாய் வந்து சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, பொதுக் குழாயில் இருக்கிறது. அங்கிருந்து வழிகிற தண்ணீர் ஒரு பக்கம் பெரியவரின் அறைச் சுவரை நனைத்து, மிச்சம் தளத்தில் தேங்கி டீச்சர் வீட்டில் இறங்குகிறது. இதை யாரும் சூப்பர்வைசருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வீட்லயும் மாத்தி மாத்திச் சொன்னது நான்தான் மேடம்" என்றார். "சந்த உடைக்க மட்டும் கேக்காதன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல. இத அப்படியே அங்க சொல்லுங்க" என்றார் டீச்சர். திட்டவில்லை. அவருக்கும் ஒரு தம்ளர் டீ வந்தது.

சொன்னார். அதுவும் சுற்றி வளைக்காமல் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. உத்தரவாதம் முடிவதற்குள் சந்துச் சுவரை உடைத்தார்கள். குழாயின் இணைப்பைப் பிளம்பர் ஒரு கையால் பிடித்துத் திருப்பினார், திருகாணி மாதிரிச் சுற்றியது. கட்டும்போது பசை தடவாமல் சும்மா செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே ஆட்கள் வேலை செய்த மற்ற வரிசைகளையும் திறந்து பார்க்காமல் விட மாட்டோம் என்று இப்போது குடியிருப்பே பின்னால் நின்றது. இன்னும் மூன்று இடத்தில் அதே கோளாறு. ஒழுக ஆரம்பிக்காத வீடுகளுக்கும் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

இதற்கிடையில் கணவர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பெட்டிகளைத் திரும்ப அடுக்கப் போனவர், மேல் வீட்டுக் குளியலறைக் கதவைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "வரைபடத்துல இதவிட அகலமா இருக்கணுமே" என்றார். டேப் வைத்துப் பார்த்தால், விற்கும்போது காட்டிய அளவைவிட நிலை நான்கு விரல் குறைவு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புகாரை அவரே எழுதினார், "பரவால்ல" என்ற வார்த்தை இல்லாமல். நிலையை மாற்றிக் கொடுத்தார்கள். பெரியவர் நாற்காலியோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, வெகு நேரம் வெளியே வரவில்லை. மருமகள் பயந்துபோய்த் தட்டினாள். "இருக்கேன்மா, அனுபவிச்சுக் குளிக்கிறேன்" என்று பதில் வந்தது.

நனைந்த சுவரையும் கூரையையும் பூசும் வேலையை எந்த வீட்டில் தொடங்குவது என்று கம்பெனி கேட்டபோது டீச்சர் பெரியவர் அறையைச் சொன்னார். பிறகு குழந்தை இருக்கிற வீடு, பிறகு இரவு வேலைக்காரர்கள் வீடு. தன் வீடு கடைசி. அதற்குள் ஒரு மழைக்காலமே வந்து போனது. கூரையில் தேசப்படம் அப்படியே இருந்தது, சொட்டுவதுதான் நின்றிருந்தது. கணவர் முணுமுணுத்தார். ஆனால் விருந்தாளி யாராவது அதை அண்ணாந்து பார்த்தால், கதையை முதலில் ஆரம்பிக்கிறவரும் அவரேதான். முக்காலி ஆடிய இடம் வந்ததும் எழுந்து நின்று காட்டுவார்.

இப்போது பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சுவரில் விரிசல், தரையில் ஓசை, சன்னலில் ஒழுக்கு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டீச்சருக்குக் கட்டடக் கலை தெரியாது, அதை மறைப்பதும் இல்லை. முழுதும் கேட்டுக்கொள்வார். கடைசியில் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான்.

"மேல் வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"அவங்ககூடப் பேச்சு இல்ல டீச்சர்."

"அப்ப மொதல்ல அங்க போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்.